நாளுக்கு ஒரு சிங்கம்



நேற்று இரவோடு அக்டோபர் முடிந்தது. 31 நாளும் என் கிறுக்கல்களைப் பொறுத்துக்கொண்ட எல்லோருக்கும் முதலில் நன்றி. "சார், கரும்பலகையில் நீங்கள் போட்ட இந்திய வரைபடம் கத்தரிக்காய் மாதிரி இருக்கும். இப்போது ஓவியமா?" என்று ஒருவர் கேட்டிருந்தார். கேள்வி நியாயமானது. "ஓய்வுபெற்ற பிறகு பொழுது போகவில்லையா மாமா?" என்று உறவில் ஒரு பெண் கேட்டாள். அதுவும் நியாயம்தான். இரண்டுக்கும் சேர்த்து இன்று பதில் எழுதுகிறேன். வழக்கம்போலக் கொஞ்சம் நீளமாக இருக்கும். மணி அடிக்காது, மெதுவாகப் படியுங்கள்.

முதலில் இந்த அக்டோபர் விஷயம் என்ன என்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். 2009ஆம் ஆண்டு ஜேக் பார்க்கர் என்ற அமெரிக்க ஓவியர் தனக்குத்தானே ஒரு வீட்டுப்பாடம் வைத்துக்கொண்டார். அக்டோபர் மாதம் முழுக்க நாள்தோறும் மையால் ஒரு படம் வரைய வேண்டும். மையில் கோடு போடும் திறமை வளர வேண்டும், தினமும் வரையும் பழக்கம் வர வேண்டும். நோக்கம் அவ்வளவுதான். இங்க், அக்டோபர் இரண்டையும் சேர்த்து 'இங்க்டோபர்' என்று பெயரும் வைத்தார். அது உலகம் முழுக்கப் பரவியது. 2016 முதல் நாளுக்கு ஒரு சொல் என்று 31 சொற்களின் பட்டியலும் வெளியிடுகிறார்கள். அன்றைய சொல்லுக்கு ஒரு படம் வரைந்து எல்லோரும் பார்க்கும்படி போட வேண்டும். பென்சிலால் முதலில் கோடிட்டுக்கொள்ளலாம். ஆனால் முடிவில் மை இருக்க வேண்டும்.

எனக்கு இதை அறிமுகப்படுத்தியது என் பழைய மாணவர் ஒருவர். ஓவியமே தொழிலாக இருக்கிறார். ஒவ்வொரு செப்டம்பர் கடைசியிலும் அந்தப் பட்டியலை வாட்ஸ்அப்பில் அனுப்புவார். "சார், முயற்சி பண்ணுங்க" என்பதோடு சரி. அவரைப் பற்றிக் கடைசியில் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது.

சென்ற ஆண்டு தொடங்கினேன். 9ஆம் நாள் நின்றுவிட்டேன். காரணம் கேட்டால் ஒரு கல்யாணத்துக்கு ஊருக்குப் போனதைச் சொல்வேன். உண்மைக் காரணம் வேறு. ஒவ்வொரு படத்தையும் போட்டுவிட்டு எத்தனை பேர் விரும்பினார்கள் என்று பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எட்டிப் பார்த்தேன். அப்படியே இருபது வயதுப் பிள்ளைகள் போட்ட படங்களையும் பார்த்தேன். என் படம் வெட்கமாக இருந்தது. இரண்டு நாள் விடுபட்டதும், கடனுக்கு வட்டி கட்டுவதுபோல ஒரே நாளில் மூன்று படம் வரைய உட்கார்ந்தேன். மூன்றும் பாழ். நோட்டை மூடிவிட்டேன்.

தோற்றுப்போன மாணவனிடம் நான் என்ன சொல்வேன்? "பாடத்தைத் திரும்பப் படி" என்பேன். எனக்குத் தெரிந்த பாடம் வரலாறு ஒன்றுதான். ஆகவே, தினம் ஒரு மைப்படம் என்று இதற்கு முன்பு யாராவது உட்கார்ந்திருக்கிறார்களா என்று தேடினேன். கிடைத்தார் ஒரு கிழவர்.

அவர் பெயர் ஹொகுசாய். பெயர் தெரியாவிட்டாலும் அவருடைய ஒரு படம் உங்கள் எல்லோருக்கும் தெரியும். நீல நிறத்தில் ராட்சத அலை ஒன்று நகம் விரித்து எழும்பும். கீழே படகுகள் தத்தளிக்கும். தூரத்தில் சின்னதாக ஃபூஜி மலை தெரியும். காபிக் குவளையிலும் டி-சட்டையிலும்கூட இப்போது அந்த அலைதான். அதை அவர் வரைந்தது 1831ஆம் ஆண்டுவாக்கில், 70 வயதைத் தாண்டிய பிறகு.

ஹொகுசாய் 1760இல் எடோ நகரத்தில் பிறந்தவர். இன்றைய டோக்கியோதான் அன்றைய எடோ. சிறுவயதிலேயே மர அச்சு செதுக்கும் வேலையில் சேர்ந்தார். பதினெட்டு, பத்தொன்பது வயதில் கட்சுகவா ஷுன்ஷோ என்ற ஓவியரின் பட்டறைக்குப் போனார். அந்தத் தொழில் எப்படி நடந்தது என்று தெரிந்தால்தான் பின்னால் வருவது புரியும். ஓவியர் மெல்லிய தாளில் மையால் படம் வரைந்து கொடுப்பார். செதுக்குபவர் அந்தத் தாளை மரப்பலகையின் மேல் குப்புற ஒட்டி, கோட்டை மட்டும் விட்டுவிட்டு மற்ற இடத்தைச் செதுக்கி எடுப்பார். வேலை முடியும்போது ஓவியர் கையால் வரைந்த அசல் தாள் இருக்காது. பலகையோடு பலகையாகப் போய்விடும். அச்சான பிரதிகள் ஊரெல்லாம் விற்கும், அசல் அழிந்திருக்கும். அந்தத் தொழிலில் வளர்ந்தவருக்குத் தன் கையால் போட்ட தாள் மிஞ்ச வேண்டும் என்ற ஆசை பெரிதாக இருந்திருக்காது என்று நினைக்கிறேன்.

அவர் நல்ல ஆசிரியரும்கூட. 1812இல் வட்டத்தையும் நேர்கோட்டையும் கொண்டு எதையும் எளிதாக வரைவது எப்படி என்று ஒரு பாடப்புத்தகம் போட்டார். 1814இல் 'ஹொகுசாய் மங்கா' என்ற மாதிரிப் பட நூலின் முதல் தொகுதி வந்தது. மல்யுத்த வீரர், மீன், பூச்சி, பாலம், தும்முகிறவர், குளிக்கிறவர் என்று கண்ணில் பட்டதெல்லாம் அதில் உண்டு. வரையக் கற்பவர்கள் பார்த்துப் பழகத்தான் அது. மொத்தம் 15 தொகுதிகள். கடைசித் தொகுதி அவர் இறந்து பல ஆண்டுகள் கழித்து 1878இல் வெளியானது.

இவ்வளவு பெரிய கலைஞரின் முதுமை நிம்மதியாக இருந்திருக்கும் என்று நினைப்போம். இல்லை. 60 வயதுக்கு மேல் பக்கவாதம் வந்தது. 1828இல் மனைவி இறந்தார். மகள் வழிப் பேரன் ஒருவன் சூதாடிக் கடன் வைத்தான். அதை அடைக்கும் பாரம் தாத்தா தலையில் விழுந்தது. 1830களில் ஜப்பானில் கொடும் பஞ்சம் வந்தது. 1839இல் வீடு தீப்பிடித்து, அதுவரை சேர்த்து வைத்திருந்த மாதிரிப் படங்களெல்லாம் எரிந்தன. 1842இல் அரசு சிக்கன நடவடிக்கை என்று சொல்லி, நடிகர்கள், கணிகையர் படங்களை அச்சிடத் தடை போட்டது. அச்சுப்பட வியாபாரமே முடங்கியது.

கூட இருந்தது ஒரு மகள். மணமுறிவுக்குப் பின் தந்தையிடம் திரும்பி வந்தவர். அவரும் தேர்ந்த ஓவியர். பெயர் ஓய். அப்பா எப்போதும் "ஓய்!" என்று கூப்பிட்டதால் அந்தப் பெயர் வந்தது என்று ஒரு கதை உண்டு. ஜப்பானிலும் "ஓய்" என்றால் "ஏய், இங்கே பார்" என்றுதான் பொருளாம். படித்தபோது சிரித்துவிட்டேன். நம் ஊர்ப் பெரியவர் யாரோ வீட்டுக்குள் இருந்து குரல் கொடுத்ததுபோல இருந்தது.

இப்படிப்பட்ட சூழலில்தான், 1842ஆம் ஆண்டின் கடைசியில், 83 வயதில், ஹொகுசாய் ஒரு வேலையைத் தொடங்கினார். காலையில் ஒரு தாளை எடுப்பார். மையும் தூரிகையும்தான் கருவி. ஒரு சிங்கம் வரைவார். ஓரத்தில் தேதி போடுவார். மறுநாள் இன்னொரு சிங்கம். 1843ஆம் ஆண்டு முழுக்க இது நடந்தது.

ஜப்பானில் சிங்கம் கிடையாது. பௌத்தத்தோடு சேர்ந்து இந்தியாவிலிருந்து சீனா வழியாகப் போன கற்பனைச் சிங்கம் அது. நம் கோயில் தூண்களில் யாளி நிற்கிறதே, அதுபோலத் தீயதை விரட்டக் காவல் நிற்கும் விலங்கு. ஹொகுசாயின் சிங்கங்கள் ஒன்றைப் போல ஒன்று இல்லை. பாயும் சிங்கம் உண்டு, திரும்பிப் பார்க்கும் சிங்கம் உண்டு. சில நாள் சிங்கத்துக்குப் பதிலாக, சிங்க முகமூடி மாட்டிக்கொண்டு ஆடும் மனிதன் இருப்பான். எல்லாம் சில கோடுகளில் சட்டென்று வரைந்தவை. இந்தப் படங்களுக்கு 'நிஷ்ஷின் ஜோமா' என்று பெயர். நாள்தோறும் புதிதாகத் தீயதை ஓட்டுதல் என்று பொருள் சொல்லலாம். நாம் வாசலில் திருஷ்டி கழிப்பதுபோலத்தான்.

வரைந்த சிங்கத்தைச் சுருட்டி வெளியே எறிந்துவிடுவாராம். ஏன் என்று கேட்டவர்களிடம், தொல்லை கொடுக்கும் பேரனின் பீடையை ஓட்டுவதற்காக என்று சொன்னாராம். அவர் இறந்து பல ஆண்டுகள் கழித்து எழுதப்பட்ட வாழ்க்கை வரலாற்றில் வரும் செய்தி இது. வரலாற்று ஆசிரியன் என்ற முறையில் 'ஆம்' போட்டுத்தான் எழுத வேண்டியிருக்கிறது. ஆனால் தாள்கள் உண்மை. 1847இல் மட்சுஷிரோ என்ற சிற்றரசைச் சேர்ந்த மியாமோட்டோ ஷின்சுகே என்ற சாமுராய் கிழவரிடம் படம் கேட்டு வந்தார். அவர் கைக்கு இந்தத் தாள்கள் போய்ச் சேர்ந்தன. அந்தக் குடும்பம் தலைமுறை தலைமுறையாகக் காத்தது. 219 தாள்கள். இன்று அவை கியூஷு தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. ஜப்பான் அரசு அவற்றை முக்கியப் பண்பாட்டுச் சொத்தாக அறிவித்திருக்கிறது.

219 என்ற எண்ணைக் கவனியுங்கள். 365 இல்லை. சில தாள்கள் வேறு இடங்களுக்குச் சிதறியிருக்கலாம், சில அழிந்திருக்கலாம், சில நாள் அவர் வரையாமலும் இருந்திருக்கலாம். "ஒருநாள் விடாமல் வரைந்தார்" என்று எழுதினால் கேட்க அழகாக இருக்கும். சான்று அதைச் சொல்லவில்லை. விடுபட்ட நாளுக்கு மறுநாள் மூன்று சிங்கம் போட்டுக் கணக்குத் தீர்க்கும் மனிதராகவும் அவர் எனக்குத் தெரியவில்லை. இன்றைய தேதிக்கு இன்றைய சிங்கம். என் ஒன்பதாம் நாள் தோல்விக்கு மருந்து எனக்கு இங்கேதான் கிடைத்தது.

இன்னொன்றும் உண்டு. ஜேக் பார்க்கர் திறமை வளரத் தொடங்கினார். ஹொகுசாய் நாளைக் கடத்தத் தொடங்கினார். இரண்டு பேரும் செய்தது ஒரே வேலை. 83 வயதில் அவருக்கு இன்னும் என்ன திறமை வளர வேண்டும் என்று கேட்கத் தோன்றும். அவர் அப்படி நினைக்கவில்லை. 1834இல் ஃபூஜி மலைப் படநூல் ஒன்றின் பின்னுரையில், 70 வயதுக்கு முன் வரைந்தது எதுவும் பொருட்படுத்தத் தக்கதல்ல, 73 வயதில்தான் பறவை, விலங்குகளின் அமைப்பு ஓரளவு பிடிபட்டது, 110 வயது வரை இருந்தால் ஒவ்வொரு புள்ளியும் கோடும் உயிரோடு இருக்கும் என்கிற பொருளில் எழுதினார். சிங்கங்களுக்குப் பிறகு சும்மா இருக்கவுமில்லை. எடோவிலிருந்து வெகுதொலைவில், மலைநாட்டில் இருக்கும் ஒபுசே ஊருக்குப் போய், திருவிழாத் தேர்களின் உட்கூரையில் டிராகனும் பீனிக்ஸ் பறவையும் அலைகளும் வரைந்தார். இன்றும் அவற்றை அங்கே பார்க்கலாம். 1849இல், அவர்கள் கணக்குப்படி 90ஆவது வயதில் இறந்தார்.

இதையெல்லாம் படித்துவிட்டுத்தான் இந்த அக்டோபர் முதல் தேதி உட்கார்ந்தேன். ஆனந்த விகடனில் சில்பியும் கோபுலுவும் போட்ட கோட்டோவியங்களைப் பார்த்து வளர்ந்த தலைமுறை நான். கோடு என்றால் என்ன என்று எனக்குத் தெரியும் என்று நினைத்திருந்தேன். பார்த்தவனுக்குத் தெரிவது வேறு, போட்டவனுக்குத் தெரிவது வேறு. மையில் அழிப்பான் கிடையாது. தவறாகப் போன கோடு தவறாகவே நிற்கும். முதல் வாரம் பயந்து பயந்து சிறுசிறு கோடுகளாக இழுத்தேன். படத்துக்கு மயிர் முளைத்த மாதிரி இருந்தது. இரண்டாம் வாரம், கோடு தொடங்கும் இடத்தைப் பார்க்காமல் அது போய்ச் சேர வேண்டிய இடத்தைப் பார்த்துக்கொண்டே கையை நகர்த்தினால் கோடு நேராக வருகிறது என்று கண்டுபிடித்தேன். சைக்கிள் ஓட்டுவதும் அப்படித்தானே? ஈரம் காயும் முன் உள்ளங்கை பட்டு மை இழுவிக்கொள்ளாமலிருக்க, வலது கைக்காரன் இடப்பக்கத்திலிருந்து வரைந்து வர வேண்டும். நிழல் வேண்டுமானால் ஒரே பக்கமாகச் சாய்கோடு போட வேண்டும். இன்னும் இருட்டு வேண்டுமானால் அதன் குறுக்கே இன்னொரு அடுக்கு. 12ஆம் நாள் இரும்புச் சட்டியை அப்படி வரைந்தேன். சட்டி கறுப்பாக வந்தது, உருண்டையாக வரவில்லை. 26ஆம் நாள் மறுபடியும் அதே சட்டியை வரைந்தேன். வளைவின் போக்கிலேயே கோட்டை வளைத்துப் போட்டேன். உருண்டுவிட்டது. பதினான்கு நாளில் நான் கற்றது அந்த ஒரு வளைவு. போதும்.

விருப்பங்களை எண்ணுவதை இந்த முறை விட்டுவிட்டேன். அதற்குக் காரணம் ஹொகுசாய் மட்டும் இல்லை. ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ, "நாலு பேர்தான் பார்த்திருக்கிறார்கள்" என்று நான் முனகியது அடுப்படிக்குக் கேட்டுவிட்டது. "நாப்பது வருஷமா நான் வாசல்ல தினம் ஒண்ணு போடறேன். நீங்களே ஒரு நாள் நின்னு பார்த்ததில்லை" என்று பதில் வந்தது. மறுநாள் காலையில் எழுந்து நின்று பார்த்தேன். புள்ளி வைத்து, கையை எடுக்காமல் இழுத்த கோடு. எங்கும் தடுமாற்றம் இல்லை. எட்டு மணிக்குள் பால்காரரின் சைக்கிள் அதன் மேல் ஏறிப் போய்விட்டது. அதற்கு அவள் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. வரைந்ததைச் சுருட்டி எறிந்த கிழவர் நினைவுக்கு வந்தார்.

சரி, கடைசியில் சொல்கிறேன் என்றேனே, அதற்கு வருகிறேன். பட்டியல் அனுப்பும் அந்த மாணவர். அவரிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். பெயர் வேண்டாம் என்றார்.

அவன் அப்போது பத்தாம் வகுப்பு. அந்த வயதுப் பையனைப் பற்றி எழுதும்போது 'அவர்' வரமாட்டேன் என்கிறது. நான் பிரெஞ்சுப் புரட்சி நடத்திக்கொண்டிருந்தேன். அவன் குனிந்து எதையோ வரைந்துகொண்டிருந்தான். நோட்டைப் பிடுங்கினேன். வரலாற்று நோட்டின் பின்பக்கத்திலிருந்து, பக்கத்துக்கு ஒரு படம், எல்லாம் பேனா மையில். "அப்பாவைக் கூட்டிக்கொண்டு வந்து வாங்கிக்கொள்" என்றேன். அவன் கூட்டி வரவில்லை. நானும் அதன் பிறகு கேட்கவில்லை. ஆசிரியர் அறை பீரோவில் கிடந்த நோட்டு, ஆண்டு முடிவில் பழைய பேப்பரோடு எடைக்குப் போய்விட்டது.

இத்தனை வருடங்களில் அதை நான் நினைக்கவே இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் பெரிய தவறாக நினைத்ததில்லை. வகுப்பில் கவனிக்காத பையன், கண்டித்த ஆசிரியர், அவ்வளவுதான் என்று வைத்திருந்தேன். ஹொகுசாயின் தாள்களில் தேதி இருக்கிறது என்று படித்த அன்றுதான் ஒன்று உறைத்தது. அந்தப் பையனின் பக்கங்களிலும் மேல் மூலையில் தேதி இருந்தது. தேதி போடாமல் நோட்டில் எதுவும் எழுதக் கூடாது என்பது நான் வகுப்பில் வைத்த விதி. அந்த விதியை மீறாமல், என் பாடவேளையில், நாளுக்கு ஒன்றாக அவன் வரைந்திருந்தான். பக்கங்களைப் புரட்டியபோது தேதியைப் பார்த்தேன். அது எதைக் காட்டுகிறது என்று பார்க்கவில்லை. சான்றை வைத்துக் காலத்தைப் படிக்கச் சொல்லிக்கொடுத்தவன் நான்.

கிழவர் வேண்டாம் என்று எறிந்ததை ஒரு குடும்பம் நூறு ஆண்டுகளுக்கு மேல் வைத்திருந்தது. ஒரு பையன் வேண்டும் என்று வைத்திருந்ததை நான் எடைக்குப் போகவிட்டேன்.

போன வாரம் அவருக்குப் போன் செய்து மன்னிப்புக் கேட்டேன். "அதெல்லாம் நானே மறந்துட்டேன் சார்" என்றார். மறந்தவர் ஒவ்வொரு வருடமும் ஏன் பட்டியல் அனுப்புகிறார் என்று நான் கேட்கவில்லை. சற்று நேரம் கழித்து அவரே, "அதுல கடைசியா ஒரு குதிரை பாதியில நின்னுச்சு சார். நீங்க அப்பத்தான் பிடுங்கினீங்க" என்றார். இருவரும் சிரித்தோம். எனக்குத் தொண்டை அடைத்தது.

நேற்று நான் போட்ட 31ஆம் படம் ஏன் பட்டியலில் இல்லாத ஒரு குதிரை என்று சிலர் கேட்டிருந்தீர்கள். இப்போது புரிந்திருக்கும். பின்னங்கால்கள் சரியாக வரவில்லை. அசல் தாளை உறையில் போட்டு அவருக்கு அனுப்பிவிட்டேன்.

உங்களில் ஆசிரியர்களாக இருப்பவர்கள் பலர். பிள்ளைகளின் நோட்டைப் பிடுங்க வேண்டிய நேரமும் வரும், மறுக்கவில்லை. மாலையில் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அதற்கு முன் ஒருமுறை தேதியைப் பாருங்கள். மற்றவர்களுக்குச் சொல்வது இதுதான். வரைய ஆசை இருந்தால் அடுத்த அக்டோபர் வரை காத்திருக்க வேண்டாம். ஹொகுசாய் தொடங்கியது குளிர்காலத்தில். பத்து ரூபாய்ப் பேனாவும் பழைய நோட்டும் போதும். விடுபட்ட நாள் போகட்டும், இன்றைய தேதியைப் போடுங்கள்.

நாளை காலை எனக்கு 32ஆம் நாள்.

அன்புடன்,
உங்கள் வரலாற்று வாத்தியார்